ஐந்து மாதம் ஓட்டவில்லை, ஏழு வாரத்தில் கோத்தகிரி ஏற்றப் பந்தயம்: எப்படித் தயாராவது?

கட்டபெட்டு சைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். வயது 36. கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட்.

ஜூலை மாதம் சாரல் நேரத்தில் கோத்தகிரி இறங்கும்போது ஒரு வளைவில் விழுந்தேன். ரோட்டில் நனைந்த சில்வர் ஓக் இலை மெத்தை மாதிரிக் கிடந்தது. முன் சக்கரம் வழுக்கியது தெரியும், அடுத்து தெரிந்தது வானம்தான். இடது காரை எலும்பு முறிந்துவிட்டது. இப்போது நன்றாகக் கூடிவிட்டது, இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜனவரி கடைசி ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பந்தயம் இருக்கிறது. 33 கிலோமீட்டர். போன முறை 2 மணி 10 நிமிடத்தில் ஏறினேன். ஜெயிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அதே நேரத்துக்குப் பக்கத்திலாவது வந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எடை 68லிருந்து 74 ஆகிவிட்டது.

போன ஞாயிறு ஆசை தாங்காமல் குஞ்சப்பனை வரை இறங்கிவிட்டுத் திரும்பி ஏறினேன். வழியில் மூன்று முறை கால் ஊன்ற வேண்டியதாயிற்று. இதயத் துடிப்பு 178. முன்பெல்லாம் அந்த வேகத்தில் 150தான் காட்டும். தினமும் அப்படி ஏறினால் ஏழு வாரத்தில் திரும்பிவிடுமா? இல்லை வேறு வழி உண்டா?

பவானிக்கரை

முதலில், மறுபடி சைக்கிளில் ஏறினீர்களே, அதற்கே சந்தோஷம் நண்பா. நான் மேட்டுப்பாளையம். வருஷத்துக்கு நாற்பது ஐம்பது முறை அந்த ரோட்டில் ஏறுகிறவன்.

கியர் விஷயம் மட்டும் சொல்கிறேன். உங்கள் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் விற்கிறார்கள். அதில் ஒரு மிதிக்கு வண்டி இரண்டரை மீட்டர் போகும். செங்குத்தான இடத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 65 மிதி. சோர்ந்துபோய் 8க்கு இறங்கினால் 52 மிதிதான், ஒவ்வொரு மிதியும் முட்டியை அழுத்தும். பின்னால் பெரிய சக்கரம் 34 பல் உள்ள கேசட், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, போட்டால் அதே 10 கிலோமீட்டருக்கு 79 மிதி வரும். காலுக்கு எவ்வளவு லேசு பாருங்கள். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் உங்கள் பின் டீரெய்லர் அவ்வளவு பெரிய சக்கரத்தைத் தாங்குமா என்று கடையில் காட்டிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள், சிலதுக்கு டீரெய்லரையும் மாற்ற வேண்டி வரும். செயினும் நீளம் போட வேண்டும்.

இன்னொன்று. விடிவதற்கு முன் குஞ்சப்பனைப் பக்கம் தனியாக வராதீர்கள். பலாப்பழ சீசனில்தான் யானை அதிகம், ஆனால் மற்ற மாதங்களில் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு வாருங்கள்.

குன்னூர் பி.டி. டீச்சர்

தம்பி, தினமும் அப்படி ஏறாதீர்கள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

எனக்கு இப்போது 48. பத்து வருடத்துக்கு முன் டைபாய்டில் மூன்று மாதம் படுத்துவிட்டு எழுந்தேன். இரண்டு வாரம் ஓட்டியதும் மூச்சு நன்றாகத் திரும்பியது. அடடா, வந்துவிட்டோம் என்று மூன்றாவது வாரம் தொட்டபெட்டா உச்சிக்கே ஏறினேன். 2,637 மீட்டர், கடைசி வளைவுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடப் படிக்கட்டு இறங்கும்போது முட்டிச் சில்லுக்குக் கீழே ஊசி குத்துவது போல ஒரு வலி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நீட்டியபடியே இறங்கினேன். அந்த வலி போக ஒன்றரை மாதம் ஆயிற்று. வீணான அந்த ஒன்றரை மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

ஏன் இப்படி ஆகிறது என்றால், சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி குறைய ஆரம்பிக்கும். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அது அதிக முறை அடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் 150 இப்போது 178 ஆனதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல செய்தி, முதலில் திரும்புவதும் இதுதான். இரண்டு வாரம் ஒழுங்காக ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாண் அப்படி இல்லை. அது மாதக் கணக்கில் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு 'போ போ' என்கிற நேரத்தில் முட்டி இன்னும் தயாராகியிருக்காது. நான் மாட்டியது அங்கேதான்.

அதனால் முதல் மூன்று வாரம் லேசாக மட்டும். பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. இங்கேதான் நமக்கு மலையில் ஒரு கஷ்டம். கீழ்நாட்டுக்காரர்களுக்கு வீட்டு வாசலிலேயே சமதளம். நமக்கு வாசலைத் தாண்டினால் ஒன்று இறக்கம், இல்லையென்றால் ஏற்றம். லேசாக ஓட்ட இடமே கிடையாது. அதிலும் கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கித் திரும்பி ஏறுவது இந்த நேரத்துக்கு ரொம்பத் தப்பான பயிற்சி. டிசம்பர் குளிரில் அரை மணி நேரம் மிதிக்காமல் இறங்கி, முட்டி விறைத்துப் போயிருக்கும்போது நேராக ஏற்றத்தில் அழுத்துகிறீர்கள். எப்படியாவது வண்டியைக் கீழே கொண்டுபோய், மேட்டுப்பாளையத்திலிருந்து சிறுமுகை, சத்தியமங்கலம் ரோட்டில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். வாரம் இரண்டு முறை கிடைத்தாலும் போதும். மேலே ஓட்டும் நாட்களில் முட்டிக்கு உறை போட்டு, மிகச் சின்ன கியரில், கூச்சப்படாமல் மெதுவாக.

நான்காவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் மட்டும் கடினம். கட்டபெட்டிலிருந்து ஊட்டிப் பக்கம் ஏறும் ரோடு உங்களுக்குப் பக்கம்தானே. அதில் எட்டு நிமிடம், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவுக்கு ஏறி, நான்கு நிமிடம் நிதானம். முதல் தடவை மூன்று முறை போதும், பிறகு நான்கு. இரண்டு கடின நாட்களுக்கு நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. ஐந்தாவது வாரம் ஒரே ஒரு முறை முழு ஏற்றம், கடிகாரம் பார்க்காமல். கடைசிப் பத்து நாள் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஆனால் வேகத்தை முழுக்க விட்டுவிடக் கூடாது, இரண்டு மூன்று நிமிட அழுத்தங்கள் இருக்கட்டும்.

பட்டினி கிடந்து ஆறு கிலோவையும் இறக்கப் பார்க்காதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று கிலோ தானாகப் போகும், அது போதும்.

ஒரு விஷயம் உங்கள் பக்கம் இருக்கிறது. பந்தயம் முடியும் இடம் ஏறத்தாழ 1,800 மீட்டர். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு அரவேணு தாண்டியதும் காற்று மெலிவது தெரியும். நீங்கள் தூங்கி எழுவதே அந்தக் காற்றில்தான்.

கட்டபெட்டு சைக்கிள்

டீச்சர், படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உண்மையில் திங்கள்கிழமையே இடது முட்டியில் லேசாக ஒரு பிடிப்பு இருந்தது. மூட்டை தூக்கியதால் என்று நினைத்துவிட்டேன். ஞாயிறு ஏறியதன் பலன் என்று இப்போது புரிகிறது.

கீழே போக வழி இருக்கிறது. என் தம்பி பிக்கப்பில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறான். மூட்டைக்கு மேல் வண்டியைக் கட்டிக்கொள்ளலாம். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏற்றிவருவான்.

இரண்டு கேள்வி. இரவு ஷிப்ட் வாரத்தில் என்ன செய்வது? வழியில் என்ன சாப்பிடுவது? போன முறை வெறும் தண்ணீரில்தான் ஏறினேன், அரவேணு வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

குன்னூர் பி.டி. டீச்சர்

முட்டிப் பிடிப்பு முழுக்கப் போகும் வரை ஏற்றம் வேண்டாம். நான்கைந்து நாளில் போகவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இரவு ஷிப்ட் வாரத்தில் கடின நாளே வைக்க வேண்டாம். காலை ஆறு மணிக்கு வேலை முடித்து வந்து ஏறுவது உடம்புக்குச் செய்யும் துரோகம். முதலில் தூக்கம், மதியம் எழுந்து ஒரு மணி நேரம் லேசாக. கடின நாட்களைப் பகல் ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளுங்கள். கணக்குப் பார்த்தால் மொத்தம் மூன்று நான்கு கடின நாள்தான் வரும். வரட்டும், அது போதும்.

சாப்பாடு: முந்தின ராத்திரி களியும் அவரைக் குழம்பும் தாராளமாக. பந்தயக் காலையில் களி வேண்டாம், நாலு இட்லி, இரண்டு மணி நேரம் முன்பே. வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் போல இருக்கும். பாட்டில் தண்ணீரில் 40 கிராம் வெல்லம் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பு, அரை எலுமிச்சை பிழிந்து வையுங்கள். பசிக்கும் வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலு வாய். பயிற்சியிலேயே இதைக் குடித்துப் பழகிக்கொள்ளுங்கள், வயிறு ஏற்கிறதா என்று தெரிய வேண்டும்.

பவானிக்கரை

தம்பி பிக்கப்பில் வருவதாக இருந்தால் முந்தின நாள் இங்கே ஒரு வரி போடுங்கள். மண்டிக்கு வந்துவிடுகிறேன், சிறுமுகை வரை பேசிக்கொண்டே ஓட்டலாம். பேச முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டபெட்டு சைக்கிள்

முட்டி சரியானால் வியாழக்கிழமை வருகிறேன் அண்ணா. ஏழு மணிக்கு மண்டி வாசலில் நிற்பேன். கேசட் விஷயமாக வண்டியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.