ஏஐ சொல்லும் எஸ்இஓ குறைகளை எவ்வளவு நம்பலாம்?

நண்பர்களே, எங்கள் தொழிலுக்கான இணையதளத்தின் எஸ்இஓ (கூகுள் போன்ற தேடலில் மேலே வருவதற்கான வேலைகள்) சரியாக இருக்கிறதா என்று இரண்டு ஏஐ சாட்பாட்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒன்று, மெட்டா கீவேர்ட்ஸ் (பக்கத்தின் கோடுக்குள் எழுதிவைக்கும் தேடல் சொற்கள்) இல்லை, உடனே சேருங்கள் என்றது. அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது! இன்னொன்று, முகப்பில் எச்1 என்ற முதன்மைத் தலைப்பே இல்லை என்று சாதித்தது. பக்கத்தின் சோர்ஸ் கோடில் போய்ப் பார்த்தால் இருக்கிறது. பக்கத்தைத் திறந்து பார்த்துச் சொன்னதா, சும்மா அடித்துவிட்டதா தெரியவில்லை.

சரி, உண்மையான தலைவலி வேறு. சில பக்கங்களைக் கூகுள் கிரால் செய்தும் (வந்து படித்தும்) இன்டெக்ஸில், அதாவது தன் தேடல் பட்டியலில், சேர்க்கவில்லை என்று கூகுளின் சர்ச் கன்சோல் கருவி காட்டுகிறது. அந்த அறிக்கையையும் பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் அப்படியே ஒட்டிக் கேட்டால் உருப்படியான பதில் வருமா? செய்து பார்த்தவர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்களேன்.