வலையில் சிக்கி விடுபட்ட ஆமை உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா?

நாகமலை_மாணவன்:
மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். சித்தப்பா ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் படகு வைத்திருக்கிறார். திருக்கை வலையில் எப்போதாவது பேராமை சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுவார்கள், "அதான் நீந்திப் போயிருச்சேடா, அதுக்கு ஒண்ணும் ஆகல" என்பார். கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் பற்றிப் பாடம் படித்ததிலிருந்து எனக்கு அதில் சந்தேகம். பிடிபட்ட ஆமைக்கு அந்த ஹார்மோன் எப்போது ஏறுகிறது? இதையே ப்ராஜெக்டாக எடுக்கலாமா?

மேலூர்_கால்நடை:
தம்பி, சந்தேகம் நியாயமானதுதான். நமக்குக் கார்டிசோல் எப்படியோ, ஊர்வனவற்றுக்குக் கார்டிகோஸ்டிரோன் அப்படி. மூளையிலிருந்து கட்டளை போய் அட்ரீனல் சுரப்பி அதைச் சுரந்து ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும், அதனால் பிடித்த சில நிமிடங்களுக்குள் கழுத்துப் பக்கம் ரத்தம் எடுத்தால் அது ஏறக்குறைய இயல்பு நிலையைக் காட்டும், அரை மணி, ஒரு மணி கழித்து எடுத்தால் நாம் பிடித்ததன் விளைவைத்தான் காட்டும். வலையில் சிக்கிய ஆமையிடம் சிக்கல் இதுதான், அது எப்போது மாட்டியது என்றே தெரியாது, இரவெல்லாம் கிடந்திருக்கலாம்.

இன்னொன்று, ஹார்மோனை மட்டும் பார்த்தால் போதாது. தானாக முங்கும் ஆமை ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கும். வலைக்குள் திமிறும்போது அது சீக்கிரம் தீர்ந்து, ஆக்சிஜன் போதாமல் தசை உழைக்கும்போது சேரும் லாக்டேட் ஏறி, ரத்தம் அமிலமாகிவிடும். அது தணியப் பல மணி நேரம் ஆகும், அதற்குள் அடுத்த வலையில் மாட்டினால் தாங்காது. நீந்திப் போவதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஹார்மோன் அளவு குறைவாக இருந்தால் ஆமைக்கு நோகவில்லை என்றும் எழுதிவிடாதீர்கள். கூட்டமாக முட்டையிட வந்த பங்குனி ஆமைகளை (ஆலிவ் ரிட்லி) மல்லாக்கப் புரட்டிப் போட்டுப் பார்த்த ஆய்வில் (1999, கோஸ்டா ரிக்கா) பல பெண் ஆமைகளுக்கு இந்த ஹார்மோன் சரியாக ஏறவே இல்லை. முட்டையிடும் வேலை தடைபடாமலிருக்க உடம்பே அடக்கி வைக்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கீழக்கரை_கடலோடி:
படிப்பு விஷயம் மேலூர் அண்ணன் சொல்லிவிட்டார். சித்தப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். துவண்டு கிடக்கும் ஆமையை செத்துப்போச்சு என்று உடனே கடலில் போட்டால் அது மூழ்கித்தான் சாகும். மல்லாக்கப் போடாமல் வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தினால் நுரையீரல் தண்ணீர் வடியும். நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். எழ 24 மணி நேரம்கூட ஆகலாம். கண்ணோரம் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அசைந்தால் உயிர் இருக்கிறது. நன்றாகத் தெளிந்தபிறகு, வலை இல்லாத இடமாகப் பார்த்து, இன்ஜினை நியூட்ரலில் வைத்து விடுங்கள்.

நாகமலை_மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணே. சித்தப்பா படகிலேயே ரத்தம் எடுக்கலாமா?

மேலூர்_கால்நடை:
அனுமதி இல்லாமல் கூடவே கூடாது தம்பி. கடலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, வனத்துறை அனுமதி கையில் வராமல் ஊசி எடுக்காதீர்கள். எம்.எஸ்சி. காலத்துக்குள் அது கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதில் வலை போட்ட நேரம், இழுத்த நேரம், ஆமை வந்த நிலை, இவற்றை மண்டபம் மீனவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நாளை யாராவது அனுமதியோடு ரத்தம் எடுக்க வந்தால் அந்த விவரம்தான் அவர்களுக்கு முதலில் தேவைப்படும்.