ஒரே பிரிண்ட், ரெண்டு தியேட்டர்: ரீல் சுமந்தவர்களைத் தேடுகிறேன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும்.

டிஜிட்டல் வருவதற்கு முன்பு, ஒரே பிரிண்டை (ஒரு படத்தின் ஃபிலிம் சுருள்கள் அடங்கிய பிரதி) வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து ஊர்களில் உள்ள இரண்டு தியேட்டர்கள் அதே படத்தை ஓட்டுவதுண்டு. ஒன்றில் காட்சி முன்னதாகத் தொடங்கும். ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் வைத்து அடுத்த தியேட்டருக்கு மிதிக்க ஒருவர் இருப்பார். அந்த வேலை பார்த்தவர்களோ அவர்கள் வீட்டாரோ இங்கே யாராவது இருக்கிறீர்களா?

எங்கள் பெரியப்பா சின்ன ஊர்த் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். 35 எம்எம் படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; 1000 அடி ரீல் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். எரிய எரியத் தேயும், இரண்டு குச்சிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் திரை மங்கி விசில் பறக்கும். இதையெல்லாம் மணிக்கணக்கில் சொல்வார். ரீல் கொண்டுவந்த பையனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அவன் லேட்டா வந்தா திட்டு எனக்குத்தான்" என்பதோடு சரி. (அந்தப் பையன் தரப்பையும் கேட்க வேண்டாமா?)

கூலி காட்சிக்கா, மாதத்துக்கா? வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்? மழையில் ரீலை எப்படிக் காப்பாற்றினீர்கள்? அப்புறம், சுமந்த படத்தை முழுசாகப் பார்த்ததுண்டா?

தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், உள்பெட்டியிலும் எழுதலாம். பழைய தகர ரீல் பெட்டியின் படம் இருந்தாலும் போடுங்கள். மதுரை, தேனிப் பக்கம் என்றால் நேரிலேயே வந்துவிடுவேன்.