பழைய காரில் கண்ணாடி பாதியில் நிற்கிறது, இன்னொரு கதவில் கைப்பிடி சும்மா சுற்றுகிறது: உதவி தேவை

கேட்டவர்:
1970களின் நான்கு கதவு கார், எல்லாமே கையால் சுற்றும் கண்ணாடி. ஓட்டுநர் பக்கத்தில் பாதி வரை ஏறி நின்றுவிடுகிறது. அழுத்திச் சுற்றினால் முன்மூலை மட்டும் மேலே போகிறது, பின்மூலை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இறக்குவதற்குச் சிரமம் இல்லை. டபிள்யூடி-40 (துருவை இளக்கும் ஸ்ப்ரே) அடித்ததில் இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு முன்னைவிட இறுக்கம். பின்கதவு ஒன்றில் கைப்பிடி சுற்றுகிறது, ஆனால் கண்ணாடி கதவுக்குள் விழுந்து கிடக்கிறது. இரண்டு ரெகுலேட்டரையும் (கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி) மாற்றிவிடலாமா?

பதில் 1:
மாற்ற வேண்டாம், அவசரப்படாதீர்கள். முதலில் அழுத்திச் சுற்றுவதை நிறுத்துங்கள். பழைய கைப்பிடிகள் பெரும்பாலும் மென்மையான வார்ப்பு. உள்ளே இருக்கும் பற்கள் வழித்துக்கொண்டு போனால் அது தனி வேலை. இப்போதைக்கு ஏற்றியாக வேண்டுமென்றால், ஒருவர் சுற்றும்போது இன்னொருவர் கண்ணாடியின் உள்ளும் புறமும் உள்ளங்கையை வைத்துப் பின்பக்கத்தை மேலே தள்ளிக் கொடுக்கட்டும்.

பதில் 2:
நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் ஓட்டுநர் பக்கத்தில் ரெகுலேட்டர்மேல் பழி போட முடியாது. முன்மூலை ஏறிப் பின்மூலை நிற்கிறது என்றால் பின்பக்க ரன் சேனல் (கண்ணாடியின் ஓரம் ஏறி இறங்கும் பள்ளம்) கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. ஒற்றைத் தூக்குக் கை வைத்த ரெகுலேட்டர் ஒரே இடத்தில்தான் தூக்கும். ஒரு ஓரம் பின்தங்கினால் கண்ணாடி சாய்ந்து, எதிர்மூலை ஆப்பு மாதிரி இறுகிவிடும். இறங்கும்போது கண்ணாடியின் எடையே உதவுவதால் அது தெரிவதில்லை.

டபிள்யூடி-40 பற்றி: அது சேனலின் ஃபெல்ட்டில் (உள்ளே ஒட்டியிருக்கும் கம்பளி போன்ற துணி) ஊறியிருந்த பழைய அழுக்கைக் கரைத்து இளக்கியது, அதனால்தான் இரண்டு நாள். காய்ந்ததும் அதே அழுக்கு புதுத் தூசியோடு சேர்ந்து பசையாகிவிட்டது. சேனலில் எண்ணெயும் கிரீஸும் கூடாது. ரப்பர் ஊதும், ஃபெல்ட் மண்ணைப் பிடிக்கும். உலர்ந்து போகும் சிலிகான் ஸ்ப்ரே மட்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் கண்ணாடியையும் ரெகுலேட்டரையும் பிரித்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். கைப்பிடி, ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூக்கள், பிறகு டோர் பேட் (கதவின் உள்பக்க அட்டை) என்ற வரிசையில் கழற்றுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள், திரும்ப ஒட்டியாக வேண்டும். அது இல்லாவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் பேடை ஊறவைக்கும். தகட்டு ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றி, சட்டத்தின் மேல் வழியாக இரு பக்கமும் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து பட்டையாக இறுக்கி ஒட்டுங்கள். இடுப்புப் பட்டையில் (கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடுக்கின் ஓரம்) ஒரு மர ஆப்பும் இருக்கட்டும். அதன் பிறகுதான் ரெகுலேட்டர் கையின் நுனியில் உள்ள ரோலரைக் கண்ணாடியின் அடிச் சேனலிலிருந்து (கண்ணாடியின் கீழ் ஓரத்தைப் பிடித்திருக்கும் தகடு) விடுவிக்க வேண்டும்.

இப்போது கைப்பிடியைத் தற்காலிகமாக மாட்டிச் சுற்றுங்கள். ரெகுலேட்டர் வழுக்கிக்கொண்டு ஓடினால் அது குற்றமற்றது. பிறகு டேப்பை எடுத்துக் கண்ணாடியை இரு கையால் ஏற்றி இறக்குங்கள். எங்கே பிடிக்கிறது என்று விரலே சொல்லிவிடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கைப்பிடியில் ஸ்க்ரூவே இல்லையே, எப்படிக் கழற்றுவது?

பதில் 3:
பின்னால் குதிரைலாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். டோர் பேடை உள்ளே அழுத்தினால் கைப்பிடிக்கும் வாஷருக்கும் நடுவே எட்டிப் பார்க்கும். பழைய துணிப் பட்டை ஒன்றை அந்த இடுக்கில் விட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இடவலமாக இழுங்கள். கிளிப்பின் நுனி துணியில் சிக்கி வெளியே வரும். வருவது என்ன, பறக்கும்! இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் முன் கைப்பிடி எந்தக் கோணத்தில் நின்றது என்று குறித்து வைப்பது நல்லது. திரும்ப மாட்டும்போது கிளிப்பை முதலில் கைப்பிடியிலேயே பொருத்திவிட்டு அச்சில் தட்டினால் போதும்.

பதில் 4:
பின்கதவுக்கு ஒரு சோதனை, எதையும் கழற்ற வேண்டாம். மேலே ஏற்றும் திசையில் லேசாகவும், இறக்கும் திசையில் கனமாகவும் இருக்கிறதா? இரு முனையிலும் போய் நிற்கிறதா? அப்படியானால் ரெகுலேட்டர் உயிரோடுதான் இருக்கிறது. கண்ணாடியின் எடையைத் தாங்க வைத்த ஸ்பிரிங், இப்போது சுமை இல்லாமல் ரெகுலேட்டர் கையை மேலே தள்ளுகிறது. கண்ணாடி அடிச் சேனலிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ரோலர் வெளியே வந்திருக்கும். இரு திசையிலும் முடிவே இல்லாமல் வெறுமனே சுற்றினால் கைப்பிடியின் பல் போய்விட்டது. இடுப்புப் பட்டை இடுக்கில் டார்ச் அடித்து, யாரையாவது சுற்றச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்:
பிரித்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க ரெகுலேட்டர் சுலபமாகச் சுற்றுகிறது, பற்களில் கிரீஸ் மட்டும் மெழுகுபோல் உறைந்திருக்கிறது. பின் ரன் சேனலில் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஃபெல்ட் புடைத்திருக்கிறது, அடியில் துரு. பின்கதவில் வெறும் தகட்டுச் சேனல் மட்டும் ஏறி இறங்குகிறது, கண்ணாடி தனியே கிடக்கிறது. சேனலுக்குள் ரப்பர் பொடியாகிவிட்டது.

பதில் 2:
அப்படியானால் எதுவும் பெரிதாக வாங்க வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கத்துக்குப் புது ரன் சேனல். துருப்பிடித்த தகடு ஃபெல்ட்டை உள்ளிருந்து தூக்குகிறது, சுத்தம் செய்தாலும் திரும்பப் புடைக்கும். கண்ணாடித் தடிமனை அளந்து அதற்கேற்ற வாய் அகலத்தில் வாங்கி, தேவையைவிட 1 செ.மீ. கூட வைத்து வெட்டிப் பொருத்திப் பார்த்துக் குறையுங்கள். சேனலைத் தாங்கும் போல்ட் துளைகள் நீள்வட்டம். தளர்த்தும் முன் மார்க்கரால் கோடு போடுங்கள். முழுதாக மூடிய நிலையில் மட்டும் வைத்து முடுக்கிவிட்டால் கீழே இறங்கும்போது இறுகலாம். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகு முடுக்குங்கள். உறைந்த கிரீஸை மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, பற்கள், ரோலர், அச்சுகளில் வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாக. மண்ணெண்ணெய் ரப்பரில் படக்கூடாது.

பதில் 4:
பின்கதவு: அடிச் சேனலை வெளியே எடுத்துத் துருவை முழுக்கச் சுரண்டி, துரு தடுக்கும் பெயிண்ட் அடித்துக் காயவிடுங்கள். துரு தடித்தால் கண்ணாடியின் ஓரத்தை நெரிக்கும். உறுதியேற்றிய கண்ணாடிக்கு ஓரத்தில் ஒரு சிறு சில்லு பெயர்ந்தால் முழுதும் நொறுங்கும். பிறகு சேனலுக்குள் வைக்கும் ரப்பர் டேப்பின் கணக்கு: சேனலின் உள் அகலத்திலிருந்து கண்ணாடித் தடிமனைக் கழித்து இரண்டால் வகுங்கள். அகலம் 8 மி.மீ., கண்ணாடி 5 மி.மீ. என்றால் ஒரு பக்கத்துக்கு 1.5 மி.மீ. அதைவிடச் சற்றுத் தடித்த ரப்பர் டேப்பைக் கண்ணாடியின் அடியில் மடித்துப் போர்த்தி, சோப்புத் தண்ணீர் தடவி, சேனலை ரப்பர் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மெல்லத் தட்டி ஏற்றுங்கள். பழைய சேனல் நின்ற தடம் கண்ணாடியில் கறையாகத் தெரியும், அதே இடத்தில் நிறுத்துங்கள். தள்ளிப்போனால் கண்ணாடி சாய்ந்துதான் ஏறும். ஒரு இரவு காயட்டும்.

பதில் 5:
ஒரே ஒரு எச்சரிக்கை. ரெகுலேட்டரைக் கழுவ வெளியே எடுத்தால், கைப்பிடி மாட்டும் சிறு பல்சக்கரப் பெட்டியைத் தனியாகப் பிரிக்காதீர்கள். அதுதான் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. விடுபட்டால் பல்தகடு (ரெகுலேட்டர் கையோடு சேர்ந்த, பல் வைத்த தகடு) அரை நொடியில் வீசும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. கட்டாயம் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் பல்தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட் போட்டுப் பூட்டுங்கள். எடுக்கும்போது ரெகுலேட்டர் கை மேல் நிலையில் இருக்கட்டும். கண்ணாடி இறங்கிய நிலையில்தான் ஸ்பிரிங் முழுதாக முறுக்கேறி இருக்கும்.

கதவைத் திறந்த கையோடு அடியில் உள்ள வடிகால் துளைகளையும் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் புதுச் சேனலும் துருப்பிடிக்கும்.

கேட்டவர்:
இரண்டு கதவும் சரியாகிவிட்டன. ஓட்டுநர் பக்கம் கடைசி ஒரு அங்குலத்தில் மட்டும் சற்று இறுக்கம்.

பதில் 2:
புது ஃபெல்ட் படியும்வரை அப்படித்தான். சிலிகான் ஸ்ப்ரே அடித்து இருபது முப்பது தடவை ஏற்றி இறக்குங்கள். அப்புறமும் இறுகினால் பின் சேனலின் மேல் போல்ட்டை மட்டும் தளர்த்தி, 1 மி.மீ. பின்னால் தள்ளி முடுக்குங்கள்.