கலைச்சொல்: உரிய சட்ட நடைமுறையா, நேர்நெறியா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

அடிதடி வழக்கில் தண்டனை வாங்கியவர் மேல்முறையீட்டில், “என் பக்கத்தைச் சரியாகக் கேட்காமலே தண்டித்துவிட்டார்கள்” என்று வாதாடுகிறார். அவர் கேட்கும் அந்த உரிமைக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘due process’ என்பதற்கு, தமிழில் ஒரே சொல் வேண்டும் என்று நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் பெருந்துறை வக்கீல் அக்கா எழுதியிருந்தார். ‘உரிய சட்ட நடைமுறை’ போதுமே என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதவில்லை. ‘நடைமுறை’ என்ற சொல் உள்ளே இருப்பதுதான் சிக்கல்.

அமெரிக்க அரசமைப்பின் 5-ஆம் திருத்தத்திலும் (1791) 14-ஆம் திருத்தத்திலும் (1868) இந்தக் கருத்து எழுத்திலேயே இருக்கிறது. நம் அரசமைப்பை எழுதியவர்கள் அதைத் தெரிந்தேதான் விட்டார்கள். அரசமைப்பு அவையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்பர்ட்டரைச் சந்தித்துப் பேசிய பிறகு, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21-ஆம் உறுப்பில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற பொருளில் வேறு தொடர் வந்தது. 1950-இல் ஏ.கே. கோபாலன் வழக்கில், சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்லியிருந்தால் அதுவே போதும் என்றது உச்ச நீதிமன்றம். 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான், அந்த நடைமுறையே நியாயமாகவும் நேராகவும் இருந்தாக வேண்டும் என்று தீர்ப்பானது. ஆக, நடைமுறை இருந்தும் இந்த உரிமை இல்லாமல் போகலாம். நடைமுறைக்கும் இந்த உரிமைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படி எழுதுவது?

ஓர் உதாரணம் சொல்கிறேன். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மடை திருப்பும் தகராறு. மம்பட்டிக் காம்பால் அடித்ததில் கை எலும்பு முறிந்தது, கொடுங்காயம் என்று வழக்கு. சாட்சி விசாரணை முடிந்ததும் குற்றஞ்சாட்டப்பட்டவரை நீதிமன்றம் நேரடியாகக் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 313-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 351. அங்கே, “சாட்சிகள் சொன்னதெல்லாம் கேட்டீர்களே, என்ன சொல்கிறீர்கள்?” என்று மொத்தமாக ஒரு கேள்வி. “பொய்யிங்க” என்று ஒரு பதில். முடிந்தது. மம்பட்டி அவர் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) கிடைத்தது என்பதைத் தனியாகக் கேட்கவே இல்லை. தீர்ப்போ அதன்மேல்தான் நிற்கிறது. நடைமுறைப்படி 313 விசாரணை ‘நடந்தது’ என்று கோப்பு சொல்லும். ஆனால் அவரிடம் கேட்காத சங்கதியை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் வக்கீல் பிடிப்பது இந்த இடத்தைத்தான்.

என் முன்மொழிவு: நேர்நெறி.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “நேர்நெறி மறுக்கப்பட்டதால் தண்டனை செல்லாது.” “வக்கீல் வராத நாளில் மேல்முறையீட்டை அப்படியே தள்ளுபடி செய்வது நேர்நெறிக்கு மாறானது.” இந்த இரண்டாவது கற்பனை இல்லை. வக்கீல் வரவில்லை என்பதற்காகக் குற்றவியல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது, கோப்பைப் படித்துத் தகுதியின்படிதான் முடிக்க வேண்டும் என்று பானி சிங் வழக்கில் (1996) தீர்ப்பு இருக்கிறது. நேர்நெறி மீறல், நேர்நெறி உரிமை என்று தொகைச்சொற்களும் முட்டாமல் வருகின்றன. ‘உரிய சட்ட நடைமுறை மீறல்’ என்று ஒரு மனுவில் பத்து இடத்தில் எழுதிப் பாருங்கள், கை வலிக்கும்.

மற்ற சொற்களையும் பார்த்தேன். ‘அறவழி நடைமுறை’ என்றால் படிப்பவருக்கு உண்ணாவிரதப் பந்தல்தான் நினைவுக்கு வரும். ‘நியாய விசாரணை’ நல்ல சொல், ஆனால் அது கீழ்க்கோர்ட்டு விசாரணையோடு நின்றுவிடுகிறது; கைது, ஜாமீன், மேல்முறையீடு எல்லாவற்றுக்கும் நீளாது. தாராபுரம் தம்பி சொன்ன ‘நாயமுறை’ எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடித்தது. “ரெண்டு பக்கத்து நாயத்தையும் கேக்கோணும்” என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதில் இந்த உரிமையின் உயிரே இருக்கிறது. ஆனால் நம் கொங்குப் பக்கம் நாயம் என்றால் நியாயம் மட்டுமில்லை, வெறும் பேச்சும்தான். மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் ‘பேசும் முறை’ என்றோ எழுத்துப்பிழை என்றோ படும்.

இன்னொன்றையும் சேர்த்தே முடிவு செய்வோம். எல்லாத் தவறும் நேர்நெறி மீறல் ஆகாது. தேதி மாறிக் கிடப்பது, கையெழுத்து விட்டுப்போனது போன்றவற்றால் நீதி பிறழவில்லை என்றால் தண்டனை அப்படியே நிற்கும். அவற்றுக்கு ‘முறைக்குறை’ என்று வைக்கலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பாதி வாதம், நடந்தது முறைக்குறையா நேர்நெறி மீறலா என்பதில்தான் ஓடுகிறது. இரண்டு சொல்லும் கையில் இருந்தால் அந்த வாதத்தைத் தமிழிலேயே எழுதிவிடலாம்.

‘நேர்நெறி’யை ‘நேர்மை’யோடு குழப்புவார்கள் என்று அக்கா நினைத்தால் சொல்லட்டும், மாற்றுச் சொல் தேடுவோம். இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாமுங்க.