ஹெவிவெயிட் பாக்ஸிங் ஃபைட்டுக்கு காசு கட்டி பாக்குறது இன்னும் வொர்த்தா?

ரிங்சைடு_ராஜா:
டைசன் - ஜேக் பால் (யூடியூபரா இருந்து பாக்ஸர் ஆனவரு) ஃபைட்ட (2024 நவம்பர், டெக்சாஸ்) மறுபடி பாத்தேன், டைசன் 58 வயசு மனுஷன், 2 நிமிஷ ரவுண்டு, எட்டு ரவுண்டுலயும் சேத்து டைசன் குத்துனதுல 18 தான் பட்டுச்சாம், ஸ்டேடியத்துல டிக்கெட் எடுத்தவன்லாம் கடைசில கடுப்புல கூச்சல் போட்டான். அது நெட்ஃபிளிக்ஸ், தனியா காசு இல்ல, சரி விடுங்க. ஆனா பிபிவி (ஒரு ஃபைட்டுக்குன்னு தனியா கட்டுற காசு) கட்டி பாக்குறீங்களே, உங்களுக்கு மனசு நெறையுதா?

குத்து_குமாரு:
தல அது ஃபைட்டே இல்ல, கூட்டம் சேத்த ஷோ. ஃபியூரி - வைல்டர் மூணாவது ஃபைட் பாத்தீங்களா, 2021 அக்டோபர் வேகாஸ்? மூணாவது ரவுண்டுல வைல்டர் கீழ, நாலாவதுல ஃபியூரி ரெண்டு தடவ கீழ, பத்துல திரும்ப வைல்டர், பதினொண்ணுல ஆட்டம் க்ளோஸ். அன்னிக்கு எவனாச்சும் காசு போச்சேன்னு அழுதானா?

பழைய_க்ளவுஸ்:
தம்பி ரொம்ப துள்ளாதீங்க 😄 2013ல மாஸ்கோல க்ளிட்ச்கோ - பவெட்கின் பாத்திருக்கேன், பவெட்கின் நாலு தடவ விழுந்தாரு, ஆனாலும் போர், ஏன்னா க்ளிட்ச்கோ ஒரு ஜாப் (முன் கையால நேரா விடுற குத்து) போட்டுட்டு ஒடனே கட்டிப்புடிச்சு மேல சாஞ்சுக்குவாரு, 12 ரவுண்டும் அதே கத. 88ல டைசன் ஸ்பிங்க்ஸ 91 செகண்டுல முடிச்சாரு, அத இன்னிக்கும் பேசுறோம். சீக்கிரம் முடியுறது பிரச்சனையே இல்ல, சண்ட போடாம நிக்குறதுதான் எரிச்சல்.

நைட்ஷிஃப்ட்_நந்து:
என் கோவம் வேற. நல்ல ஜோடிய நேரத்துக்கு மோத விடவே மாட்டாங்க. ஃபியூரி - ஜோஷுவா 2021ல சவுதில நடக்குறதா பேசி முடிச்சாச்சு, வைல்டர் தரப்பு, ஃபியூரி தங்களோட மூணாவது தடவ மோதணும்ங்குற காண்ட்ராக்ட காட்டி ஆர்பிட்ரேஷன்ல (கோர்ட்டுக்கு வெளிய மத்தியஸ்தர் தீர்ப்பு) ஜெயிச்சுது, அதோட போச்சு. 99ல லெனாக்ஸ் லூயிஸுக்கு அப்பறம் எல்லா பெல்ட்டும் (சாம்பியன் பட்டமும்) ஒரே ஆளுகிட்ட சேர 2024 மே வரைக்கும் காத்து கெடந்தோம், அப்பறம்தான் ரியாத்ல உசிக் ஃபியூரிய ஜெயிச்சாரு. ஒம்பதாவது ரவுண்டுல ஃபியூரி கயித்துக்கு கயிறு தள்ளாடினது இருக்கே, அதுக்கு எவ்ளோ வேணா குடுக்கலாம்.

ரிங்சைடு_ராஜா:
உசிக் பத்தி மறு பேச்சே இல்ல ப்ரோ, 2025 ஜூலைல லண்டன் வெம்ப்ளில டுபுவாவ அஞ்சாவது ரவுண்டுல படுக்க வெச்சாரே. அப்ப போஸ்டர பாக்காம ஆள பாத்து கட்டணும்னு சொல்றீங்க.

குத்து_குமாரு:
ஆளயும் பாருங்க, வயசையும் பாருங்க. அண்டர்கார்டும் (மெயின் ஃபைட்டுக்கு முன்னாடி நடக்குற சண்டைங்க) ஒரு தடவ பாத்துட்டு கட்டுங்க, பாதி நேரம் அதுலதான் நல்ல சண்ட இருக்கு.