உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு பைபிளில் ஆதாரம் எங்கே?

கேள்வி:
கத்தோலிக்க நண்பர் ஒருவர் உத்தரிக்கிற ஸ்தலம் (மோட்சம் சேரும் முன் ஆன்மா தூய்மையாகும் நிலை) பைபிளிலேயே இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். நான் புராட்டஸ்டன்ட், தேடியவரை ஒன்றும் கண்ணில் படவில்லை. எந்த வசனங்களை வைத்துச் சொல்கிறார்கள்? சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பதில் 1:
உங்கள் பைபிளில் கிடைக்காது. முக்கியமான பகுதி 2 மக்கபேயர் 12, அது கத்தோலிக்கரின் 73 புத்தகங்களில் உண்டு, உங்கள் 66-இல் கிடையாது. போரில் செத்த வீரர்களை அடக்கம் செய்யப் போனால் ஒவ்வொருவர் உடுப்புக்குள்ளும் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்து. யூதப் படைத் தலைவர் யூதா மக்கபே உடனே பணம் திரட்டி, 2,000 வெள்ளி திராக்மாவை எருசலேமுக்கு அனுப்பி அவர்களுக்காகப் பாவம் போக்கும் பலி கொடுக்கச் சொல்கிறார். மோட்சத்தில் இருப்பவருக்கு வேண்டுதல் தேவையில்லை, நரகத்தில் இருப்பவருக்குப் பயனில்லை, அப்படியானால் இது யாருக்காக என்பதுதான் வாதம்.

பதில் 2:
ஆனால் சிலைத் தாயத்து கத்தோலிக்கக் கணக்கிலேயே சாவான பாவம் (மனம் வருந்தாமல் செத்தால் நரகம்) ஆயிற்றே! உத்தரிக்கிற ஸ்தலமோ அருள் நிலையில், அதாவது அப்படிப்பட்ட பாவம் இல்லாமல், செத்தவர்களுக்கு. அப்புறம் நெருப்பு ஒவ்வொருவர் வேலையையும் சோதிக்கும் என்கிற 1 கொரிந்தியர் 3-ஐக் காட்டுவார்கள். அங்கே பவுல் பேசுவது சபையைக் கட்டும் ஊழியர்களைப் பற்றி, எரிவது அவரவர் வேலை, ஆள் இல்லை.

பதில் 3:
தாயத்து விஷயம் உண்மையிலேயே இடிக்கிறதுதான், சாகும் முன் மனம் வருந்தியிருக்கலாம் என்று கத்தோலிக்கர் பதில் சொல்வார்கள். ஆனால் கொரிந்தியரை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது: வேலை எரிந்தவன் நஷ்டப்படுவான், இருந்தும் நெருப்பைக் கடந்து வந்தவன் போல மீட்கப்படுவான் என்கிறார் பவுல். மத்தேயு 12:32-ஐ (இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பில்லாத பாவம்) பாப்பரசர் பெரிய கிரகோரியார் இதற்கு எடுத்தார், அப்படியானால் வேறு சில பாவங்களுக்கு மறுமையில் மன்னிப்பு உண்டு என்று; எனக்கு அது பலவீனமாகவே படுகிறது, மாற்கு 3:29 அதையே 'ஒருபோதும்' என்று முடித்துவிடுகிறது.
ஒன்று கவனியுங்கள், 1563-இல் திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுச் சங்கம்) விதித்தது கொஞ்சம்தான்: அப்படி ஒரு நிலை உண்டு, அங்குள்ள ஆன்மாக்களுக்கு நம் வேண்டுதலும் குறிப்பாகத் திருப்பலியும் உதவும். நெருப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபையினரும் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள், ஆனால் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கத்தோலிக்கப் போதனையையும் அதன் நெருப்பையும் ஏற்பதில்லை.

கேட்டவர்:
சரி, என் 66 புத்தகங்களுக்குள் இறந்தவருக்காக யாராவது ஜெபித்திருக்கிறார்களா?

பதில் 3:
2 தீமோத்தேயு 1:18 பாருங்கள். தனக்கு உதவிய ஒநேசிப்போருவுக்கு அந்த நாளில் (நியாயத்தீர்ப்பு நாளில்) இரக்கம் கிடைக்கட்டும் என்கிறார் பவுல், கடைசியில் வாழ்த்துச் சொல்லும்போது அவர் வீட்டாரை மட்டுமே குறிப்பிடுகிறார். அதனால் அவர் செத்திருப்பார் என்று சிலர் ஊகிக்கிறார்கள். ஊகம்தான், வெளியூரில் இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.